வக்கீல் வாத்துகள்

பல் டாக்டர் பாதையின் குறுக்கே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டதால், அன்று காலை நடைக்கு வந்த கூட்டம் முழுதும் குளத்தின் வளைவில் தேங்கி நின்றது. நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்கு முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. போன மழைக்காலத்தில் ஒரு நீர்க்காகத்தைப் படமெடுக்கிறேன் பேர்வழி என்று முழங்கால் சேற்றில் இறங்கி, காவலாளி வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இப்போது மூட்டு வலியையும் மறந்து, தரையோடு தரையாகக் குனிந்து, புல்சரிவில் நின்ற ஆறு வாத்துகளைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்தால்தான் மற்றவர்கள் நடக்க முடியும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஒரு நாள் விடுமுறை என்று கூட்டமும் சந்தோஷமாகவே வேடிக்கை பார்த்தது.

"இப்படி நெட்டுக்குத்தலா நிக்குற ரகம் ஒன்னு இருக்கு," என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல். "சரி, அதுதான்னு வச்சுக்கிட்டா தலையில கொண்டை இருக்கக் கூடாது. கொண்டை ரகம்னு வச்சுக்கிட்டா இப்படி நிமிரக் கூடாது. அதுலயும் மூணுக்குத்தான் கொண்டை, மூணு மொட்டை. நாலு நாளா தேடிட்டேன், எதுலயும் ஒத்துவரல."

"வெளிநாட்டுப் பறவையா இருக்கும் சார்," என்றது ஒரு குரல்.

"வெளிநாட்டுல இருந்து நடந்தா வந்துச்சு? இதால சுவர் ஏறிக்கூடப் பறக்க முடியாது. வாலைப் பாருங்க, சுருட்டி விட்ட மாதிரி ஒரு இறகு மேல நிக்குதா? அது ஆண். வீட்டு வாத்துதான், சந்தேகமே இல்ல. யாரோ கொண்டுவந்து விட்டிருக்காங்க. என்ன ரகம்னுதான் பிடிபடல."

கூட்டத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவளை அந்தப் பாதையில் எல்லோரும் கண்ணாடிக்கடை அக்கா என்பார்கள். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துவதும் வில்லை தேய்ப்பதும் அவள் வேலை. நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மூக்கு அவளுக்கு அத்துபடி. அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்தது பார்த்தபடி நின்றுவிட்டாள். கறுப்பு உடம்பு. வெயில் பட்டால் பச்சை மின்னும் கறுப்பு. கழுத்துக்குக் கீழே துணி வைத்துத் தைத்தாற்போல் வெள்ளைப் பட்டை. கொண்டை உள்ளவற்றுக்கும் அது நடு உச்சியில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முதுகை நிமிர்த்தி, நெஞ்சைத் தள்ளி, வழக்கு எல்லாவற்றிலும் ஜெயித்துவிட்ட தோரணையில் அவை நின்றன.

"வக்கீலு," என்று அவள் வாய் தன்னால் சொன்னது.

டாக்டர் திரும்பினார். "என்னம்மா சொன்னீங்க?"

"ஒன்னுமில்ல டாக்டர். கறுப்புக் கோட்டு, வெள்ளைப் பட்டை... வக்கீல் மாதிரி இருக்குன்னேன்."

கூட்டம் சிரித்தது. டாக்டர்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். பக்கத்தில் அவள் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி, மேலேயிருந்து கத்திக் கத்தியே பேசிப் பழகியவர். வாத்து, வக்கீல் என்று இரண்டு வார்த்தை கிடைத்தால் போதும், குளத்தையே சிரிக்க வைத்துவிடுவார். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் அதை அப்போது கவனித்தாள், ஆனால் மனசில் வைக்கவில்லை. மனசு அங்கே இருந்தால்தானே வைப்பதற்கு.

அந்த வாத்துகளுக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இருக்காது. அது அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அந்த ரகம் அவள் பிறந்த வீட்டுக் கொல்லையில் உண்டானது.

அவள் அப்பா மாவு மில்லில் மேஸ்திரி. மில் கொடுத்த வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். மில்லில் தவிடு சும்மாவே கிடைக்கும் என்பதால் அம்மா வாத்து வளர்க்க ஆரம்பித்தாள். முதலில் கொண்டை வாத்து ஒன்று, பெட்டை, தலையில் பஞ்சு ஒட்டினாற்போல். பிறகு தம்பி எங்கிருந்தோ ஒரு ஆண் வாத்தைப் பிடித்து வந்தான். குட்டிச்சுவரில் நின்ற பாட்டிலைப் போல அது நிமிர்ந்து நிற்கும், நடக்காது, ஓடும். அவன் ஒரு சைக்கிள் பம்பையும் முழுப்பரீட்சை விடுமுறையையும் கொடுத்து வாங்கியதாகச் சொன்னான். அது எப்படி என்று கடைசி வரை யாருக்கும் விளங்கவில்லை. அந்த இரண்டும் சேர்ந்து பொரித்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, மில்லுக்கு வந்த யாரோ ஒருவர், "என்னம்மா, வீட்டுல கோர்ட்டு நடத்துறியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவை வக்கீல்கள்.

கொண்டையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அழகாக இருக்கிறதே என்று கொண்டை வாத்தையும் கொண்டை வாத்தையும் ஜோடி சேர்த்தால் முட்டைக்குள்ளேயே குஞ்சுகள் செத்துப்போகும். முதல் வருஷம் அப்படித்தான் ஆனது. அம்மா உடைத்துப் பார்த்த முட்டைகளை வாழ்க்கை முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அதற்கப்புறம் வீட்டில் சட்டமே போட்டாயிற்று. ஒரு கொண்டைக்கு ஒரு மொட்டை. அப்படிச் செய்தால் பொரிப்பதில் ஏறக்குறையப் பாதி கொண்டையோடு வரும், பாதி மொட்டையாக வரும், ஒன்றும் வீணாகாது. வருஷாவருஷம் மனசு சொல்வதைக் கேட்காமல், ஆசைப்படாமல், அந்த ஒழுங்கை விடாமல் காப்பாற்றினால்தான் இப்படி மூன்றுக்கு மூன்று என்று ஒரு கூட்டம் நிற்க முடியும். சும்மா வளர்க்கிறவன் கையில் இரண்டே வருஷத்தில் எல்லாம் கலந்து குழம்பியிருக்கும்.

அந்த ஒழுங்கு தெரிந்தவர்கள் நாலு பேர். அப்பா போய்விட்டார். அம்மா போய்விட்டாள். அவள் மூன்றாவது மாடியில் ஒரு துளசிச் செடிக்கே இடமில்லாமல் குடியிருக்கிறாள். மிச்சம் ஒருத்தன்தான்.

தம்பியோடு பேச்சு நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். ஊருக்கென்ன தெரியும். அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்றாள் இவள். வேண்டாம், கொல்லையைப் பார்த்துக்கொண்டு அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றான் அவன். அம்மாவும், "நான் போயிட்டா வாத்துக்குத் தவிடு யாரு கரைப்பா?" என்றுதான் கேட்டாள். இவள் கேட்கவில்லை. வண்டி வைத்துக் கூட்டிப் போனாள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி நடைபாதையில், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் போகிற வருகிற இடத்தில் தம்பி சொன்னான்: "தூக்கிட்டு வந்த இல்ல? இப்ப நீயே தூக்கிட்டுப் போ." இவளும் சும்மா இருக்கவில்லை. "உன்னை நம்பி விட்டிருந்தா முந்தாநேத்தே போயிருப்பா," என்றாள். இரண்டுமே திரும்ப எடுக்க முடியாத வார்த்தைகள். காரியமெல்லாம் முடிந்தபின் அவன் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வேறெங்கோ குடிபோனான் என்று கேள்விப்பட்டாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். இவளுக்கா கேட்டு வாங்கத் தெரியாது? ரோஷம். நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று ரோஷத்துக்கே தலை நரைத்துவிட்டது.

மறுநாள் அவள் தவிடு தேடி மூன்று கடை ஏறி இறங்கினாள். வென்னீரில் கரைத்து, உருண்டையாகவும் இல்லாமல் கூழாகவும் இல்லாமல் பதமாகப் பிசைந்து, ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கணவருக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். குளக்கரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், காவலாளி வந்து நின்றார்.

"தீனி போடக் கூடாதுன்னு போர்டு இருக்கு. பார்த்தீங்களாம்மா?"

"ரொட்டிதாங்க போடக் கூடாது. வயிறு உப்பிப் போயிடும். இது தவிடு."

"போர்டுல அதெல்லாம் பிரிச்சு எழுதலையே." சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். "இதுங்களைக் கொண்டாந்து விட்டாரு பாருங்க ஒருத்தரு, அவரும் இதையேதான் வச்சிட்டுப் போனாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு? எப்படி இருந்தாரு?"

"உயரமா, ஒல்லியா. தலையெல்லாம் நரை. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாரு. கூடையைத் திறந்து விட்டுட்டுப் போயிடுவாருன்னு பார்த்தா, போகவே இல்ல. அங்கேயே நின்னாரு. நான்தான் போங்கய்யான்னு அனுப்பிச்சேன்."

காலை இழுத்தா? அவள் தம்பி வாய்க்காலை ஒரே தாவில் தாண்டுகிறவன். அந்த நிமிர்ந்த வாத்தோடு பந்தயம் ஓடி ஜெயித்தவன். அவள் கை தவிட்டில் அப்படியே நின்றது.

வாத்துகள் வந்தன. தண்ணீரிலிருந்து ஏறி, உடம்பை உதறி, வரிசை கலையாமல் வந்து தின்றன. பெட்டைகள்தான் சத்தம் போட்டன. ஆண்கள் தொண்டை கட்டினவர்களைப் போல் கரகரத்தன. வயிறு நிறைந்ததும் ஒரு மொட்டை வாத்து நின்ற இடத்திலேயே சோம்பல் முறித்தது. வாத்து சோம்பல் முறிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கத்துச் சிறகையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டும். கால்விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வு விசிறியாய் விரியும். காலை வெளிச்சத்தில் அந்தச் சவ்வில் ஒரு சின்ன வட்ட ஓட்டை. அதன் வழியே புல் தெரிந்தது.

அடுத்ததைப் பார்த்தாள். அதற்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் இருந்தது. 

சின்ன வயசில் யார் குஞ்சு எது என்று அக்காவுக்கும் தம்பிக்கும் தினம் அடிதடி. இரண்டு பேர் முதுகிலும் ஒன்று வைத்துவிட்டு அம்மா தீர்ப்புச் சொன்னாள்: பொரிப்பதில் ஆளுக்குப் பாதி. இடது கால் அக்காவுக்கு, வலது கால் தம்பிக்கு. குஞ்சு பொரித்த மறுநாள், கொல்லைப் படியில் இவள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ள, பெல்ட்டில் ஓட்டை போடுகிற இடுக்கியால் தம்பி சவ்வில் ஓர் ஓட்டை போடுவான். குஞ்சுக்கு வலிக்குமோ வலிக்காதோ, இவளுக்கு வலிக்கும். ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். "முடிஞ்சிருச்சுக்கா, கண்ணைத் திற," என்பான் அவன்.

இந்த ஆறுக்கும் ஓட்டை வலது காலில் இருந்தது. அவள் ஒன்றுக்கு நாலு தடவை பார்த்தாள். வலது. தம்பியின் பங்கு.

அவளுக்குப் புரிந்தது இதுதான்: தன்னுடையவை என்று வைத்திருந்ததையெல்லாம் அவன் கொண்டுவந்து குளத்தில் விட்டுவிட்டான். காலை இழுத்து நடக்கிறான். விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நின்றிருக்கிறான். வாழ்க்கை முழுக்கக் காப்பாற்றியதை ஒருத்தன் எப்போது அப்படிக் கொண்டுவந்து விடுவான்? இனி வைத்துக்கொள்ள நாளில்லை என்று தெரிந்தால்தான். டப்பாவை மூடக்கூட மறந்து எழுந்து நடந்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

"ஏய், சாகப் போறவன் வாத்தைக் கூடையில வச்சுத் தூக்கிட்டு வருவானா? உனக்கு எல்லாமே கடைசிக்குப் போயிடணும்," என்றார் அவர். ஆனால் வழக்கமான சத்தம் அந்தக் குரலில் இல்லை. காபித் தம்ளரை இரண்டு தடவை கழுவினார்.

இரண்டு நாள் அவள் அவளாக இல்லை. கடையில் ஒருவருடைய படிக்கிற கண்ணாடியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் பாதி வீதி போய்த் திரும்பி வந்து, "என்னக்கா, எழுத்தெல்லாம் யானை சைஸுக்குத் தெரியுது?" என்று கேட்டார். முதலாளி பார்த்த பார்வையில் எல்லாமே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு டீச்சர் வந்தார். புதுச் சட்டம், இடது காதுக்குப் பின்னால் அழுத்துகிறதாம். அவள் வழக்கம்போல எதிரே உட்கார்ந்தாள். இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் நாளே மண்டையில் ஏற்றுகிற பாடம் ஒன்று உண்டு. எதிரே இருப்பவருக்கு எது இடதோ அதுதான் இடது, உன் இடதை மறந்துவிடு. இத்தனை வருஷத்தில் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சட்டைப் பை எந்தப் பக்கம் என்று கேட்டால்கூட அவள் அவருடைய பக்கத்திலிருந்துதான் சொல்வாள். டீச்சரின் இடது கம்பியைச் சூடு காட்டி வளைத்தாள்.

"அந்தப் பக்கம் இல்லம்மா, இந்தப் பக்கம்," என்றார் டீச்சர், மேசைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே, தன் வலது காதைத் தொட்டு.

"இடதுன்னு சொன்னீங்களே."

"உங்க இடது. நீங்கதானே சரி பண்ணப் போறீங்க, அதான் உங்க பக்கமா சொன்னேன்."

அவள் கையிலிருந்த சட்டம் மேசையில் விழுந்தது. கொல்லைப் படி கண்முன் வந்து நின்றது. இவள் படியில் உட்கார்ந்திருக்கிறாள். குஞ்சின் முதுகை நெஞ்சோடு அணைத்து, கால்கள் வெளியே தெரியப் பிடித்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். இடுக்கியோடு எதிரே குந்தியிருக்கிறவன் ஒன்பது வயசுப் பையன். அவனுக்கு இடது என்றால் வேறெது இடது? அவன் கைப்பக்கம்தான். அவன் கைக்கு இடப்பக்கம் இருப்பது குஞ்சின் வலது கால். ஓட்டை போட்டவன் அவன். இவள் ஒரு தடவையாவது கண்ணைத் திறந்து பார்த்திருந்தால்தானே!

அந்த வாத்துகள் தம்பியுடையவை அல்ல. அவளுடையவை.

"ஒரு நிமிஷம் டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், வில்லை தேய்க்கிற மிஷினைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். பேச்சில்லை, போக்குவரத்தில்லை, முகத்தில் முழிக்கவில்லை. ஆனால் அத்தனை வருஷமும், குஞ்சு பொரித்த மறுநாள் அவன் பாதியை ஒதுக்கி, இது அக்காவுக்கு என்று காலில் ஓட்டை போட்டிருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக் கொடுக்க ஆளில்லாமல், முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தனியாகப் போட்டிருப்பான். யார் கேட்டார்கள்? யாருக்குத் தெரியப்போகிறது? அவன் பாட்டுக்குப் போட்டிருக்கிறான்.

அழுது முடித்ததும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பங்கை ஏன் இப்போது கொண்டுவந்து விடவேண்டும்? உன்னுடையதை நீயே வைத்துக்கொள், எனக்கும் உனக்கும் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தமா? இத்தனை நாள் அந்த வாத்துகள் அவன் கொல்லையில் இருந்தவரைக்கும் ஏதோ ஒரு நூல் அறுபடாமல் இருந்திருக்கிறது, இவளுக்குத் தெரியாமலேயே. இப்போது அதை அவனே கொண்டுவந்து அறுத்துவிட்டானா?

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாம இந்தக் குளத்துக்கு வர்றது அவனுக்கு எப்படிங்க தெரியும்?"

கணவர் பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"போன மாசம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன்," என்றார் கடைசியில்.

"பார்த்தீங்க?"

"பைக்குல இருந்து விழுந்து கால் ஒடைஞ்சு போச்சாம். வேற ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கான். இருக்குற எடத்தைக் காலி பண்ணணுமாம், வாத்தை என்ன பண்றதுன்னு தவிச்சிட்டு இருந்தான். அவன் பங்கைத் தெரிஞ்சவங்க பண்ணையில விட்டாச்சாம். 'அக்கா எங்க மாமா நடக்கப் போகுது?'ன்னு கேட்டான். நான் குளத்தைச் சொன்னேன்."

"ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல."

"சொல்லாதீங்கன்னான். நீயும்தான் அவன் பேரை எடுத்தாலே தட்டைத் தள்ளிட்டு எழுந்திருச்சுப் போவ. நான் யாருக்குன்னு பேசுறது? நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன் நான்." அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "நம்பர் கேட்டேன். தரல. 'அதுக்குத் தோணட்டும் மாமா'ன்னான். அதுக்கு மேல என்ன பண்ணச் சொல்ற?"

அவள் செருப்பைக் கழற்றினாள். சண்டை போட நிறைய இருந்தது. அந்த ஆள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும், நல்லாத்தான் இருக்கான் என்ற ஒரு சொல் மற்ற எல்லாச் சொல்லையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. அன்று இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காவலாளியைப் பிடித்தாள். "அவரு மறுபடி வந்தாரா?"

"ஞாயித்துக்கிழமை வந்தாரே. அதோ, அந்தக் கரையில, குழாய்கிட்ட நின்னு பார்த்துட்டுப் போனாரு. நீங்க எல்லாம் போனதுக்கு அப்புறம்தான் வந்தாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நடையை முடித்தார்கள், ஆனால் போகவில்லை. டாக்டர் வந்து ஒரு சுற்று புலம்பிவிட்டுப் போனார்; படம் அனுப்பிய இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களாம். "பேரு வக்கீல்தான் டாக்டர். எங்க வீட்டு வாத்து," என்றாள் அவள். அவர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, "நிஜமாவா?" என்று கேட்டார். கொண்டைக் கதையைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. கூட்டம் கலைந்தது. கணவர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிர்க்கரையில், குழாயடியில், ஒருத்தன் வந்து நின்றான்.

அவ்வளவு தூரத்திலும் அந்தத் தோளை அடையாளம் தெரிந்தது. அப்பாவின் தோள். தலை மட்டும் யாருடையதோ போல் வெளுத்திருந்தது. அவனும் பார்த்துவிட்டான். கிளம்பிவிடுவான் என்று நினைத்தாள். கிளம்பவில்லை, நின்றான். அவளுக்குக் கத்திக் கூப்பிட வேண்டும். எதைச் சொல்லிக் கூப்பிடுவது?  எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூடக் குளத்தைத் தாண்டுகிற வார்த்தை இல்லை.

அம்மா வாத்துகளை மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். வக்கீல்கள் இல்லையா, வா போ என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களாம். விளக்கு வைக்கிற நேரத்தில் வாய்க்கால் கரையில் நின்று ராகம் போட்டு இழுப்பாள். அது எங்கிருந்து வந்ததோ, இப்போது அவள் வாயில் வந்தது.

"வாங்கய்யா... வாங்க! வாங்கய்யா... வாங்க!"

நடுக்குளத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆறு தலைகளும் சட்டென்று நிமிர்ந்தன. ஒரே நேரத்தில் திரும்பின. அவளை நோக்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரத் தொடங்கின. அவள் அதற்கு முன் அவற்றை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

பாதி தூரம் வந்திருக்கும். எதிர்க்கரையிலிருந்து அதே ராகம், கொஞ்சம் கட்டைக் குரலில், அம்மா இழுக்கிற இடத்திலேயே இழுத்து, வந்தது.

"வாங்கய்யா... வாங்க!"

வாத்துகள் நின்றன. அந்தப் பக்கம் திரும்பின. அவள் மறுபடி கூப்பிட்டாள். இந்தப் பக்கம் திரும்பின. அவன் கூப்பிட்டான், அந்தப் பக்கம் திரும்பின. நடுக்குளத்தில் ஆறு வக்கீல்களும் தலை கால் புரியாமல் ஒரே இடத்தில் வட்டமடித்தன. யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரித்தது தான்தான் என்று அவளுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. எதிர்க்கரையில் அவன் தோளும் குலுங்கியது. அது சிரிப்பா வேறெதுவுமா என்று இங்கிருந்து தெரியவில்லை.

அவள் நடக்க ஆரம்பித்தாள். பாதையோடு வலப்பக்கமாக, வேகமாக. தினமும் பழகிய பக்கம். பார்த்தால், அந்தக் கரையில் அவனும் காலை இழுத்துக்கொண்டு அவன் வலப்பக்கமாக நடக்க ஆரம்பித்திருந்தான். இவள் வேகமாகப் போகப் போக அவனும் போனான். குளம் நடுவில் அப்படியே இருந்தது.

"அடக் கடவுளே!" பெஞ்சிலிருந்து கிரேன் குரல் கிளம்பியது. "ரெண்டு பேரும் ஒரே பக்கமா சுத்தினா விடிஞ்ச மாதிரிதான்! யாராவது ஒருத்தர் நில்லுங்களேன்!"

நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. வண்டி பிடித்தவள், தூக்கிக்கொண்டு போனவள், எதிலும் முந்திப் போய் முடிவெடுத்தவள். கால் இரண்டும் போ போ என்றன. அவள் நின்றாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழுசாக நின்றாள்.

அவன் ஒரு கணம் தயங்கினான். இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு வந்தான். மெதுவாகத்தான் வந்தான். அந்தக் கால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் யோசித்தது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்று அவளுக்குத் துடித்தது. ஓடவில்லை. வளைவு திரும்பும் இடத்தில் வாத்துகள் தண்ணீரிலிருந்து ஏறின. உதறிக்கொண்டன. அவன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அவள் மூக்குக்கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியவில்லை. கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க நனைந்தது, கையிலேயே வைத்துக்கொண்டாள். கலங்கிய வெளிச்சத்தில் பாதை நீளத்துக்கு உயரமாக ஒரு நிழல் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால், முதுகு நிமிர்ந்து, கறுப்பாக, ஆறு சின்ன நிழல்கள் வந்துகொண்டிருந்தன.